மெடிக்கலுக்கு முன்: எச்.ஐ.வி. உள்ளவர் வெளிநாடு போக யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழிகாட்டி

வெளிநாடு போக ஆயத்தமாகிறவர்களின் ஃபைல் எனக்கு மனப்பாடம். மேலே பிறப்புச் சான்றிதழ், அதற்குக் கீழே விவாகப் பதிவு, பொலிஸ் சான்றிதழ், வங்கிக் கடிதம், கடைசியாக ஒரு பொலித்தீன் உறைக்குள் நாலைந்து படங்கள். யாழ்ப்பாண நகரில் படிவம் நிரப்புவதும் பத்திரங்களை மொழிபெயர்ப்பதும்தான் என் தொழில். நான் சட்டத்தரணியும் இல்லை, வைத்தியரும் இல்லை. எல்லாப் பத்திரத்திலும் மூன்று கொப்பி எடுத்து வைக்கிற ஆட்கள், விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையை, அதாவது மெடிக்கலை மட்டும் ‘அது கொழும்பில போய்ச் செய்யலாம்’ என்று விட்டுவிடுவதைத்தான் இந்த மேசையில் இருந்துகொண்டு திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒருநாள் பின்னேரம் ஒரு பொடியன் வந்தான். மற்றவர்கள் எழும்பிப் போகும் மட்டும் மூலையில் இருந்தான். பிறகு சேர்ட் பொக்கற்றில் இருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தான். மடிப்புக் கோடுகளில் எழுத்து அழிந்திருந்தது. வளைகுடா வேலைக்காக ஏஜென்ட் அவனை ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே எச்.ஐ.வி. ‘உண்டு’ என்ற ரிப்போட்டை அவனிடம் கொடுக்காமல் ஏஜென்ட் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஏஜென்ட் தமையனுக்கு போன் எடுத்திருக்கிறார். பொழுதுபடுவதற்குள் தகப்பனுக்கும் தெரிந்துவிட்டது. “அண்ணை, வீட்டில கடைசியா அறிஞ்ச ஆள் நான்தான்” என்றான்.

அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று. மெடிக்கல் வந்து உங்களுக்குச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை இங்கேயே, உங்கள் பெயரை யாரும் கூப்பிடாத ஒரு அறையில் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நாடு, எந்த விசா என்ற முடிவெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வேலை: இங்கேயே பரிசோதியுங்கள்

பெரியாஸ்பத்திரியோடு (யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை) சேர்ந்த பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். பதிவு இலக்கத்தில்தான் உங்கள் கோப்பு நடக்கும். தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களோ என்று பயமா? யாழ்ப்பாணத்தில் அந்தப் பயம் பொய்யும் அல்ல. ஆஸ்பத்திரி வீதியில் பத்து நிமிடம் நின்றால் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவராவது சைக்கிளில் போவார். அப்படியென்றால் வவுனியாவுக்கோ அநுராதபுரத்துக்கோ போங்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேசில் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது, அங்கேயும் போகலாம். எந்த மாவட்டக்காரர் எந்த மாவட்டக் கிளினிக்கிலும் பார்க்கலாம்.

நாள் கணக்கையும் பாருங்கள். தொற்றியிருக்கலாம் என்று நீங்கள் சந்தேகப்படும் நாளுக்கு அடுத்த கிழமையே போய்ச் செய்தால் ‘இல்லை’ என்ற முடிவை நம்ப முடியாது. ஆய்வுகூடத்தில் செய்யும் இப்போதைய பரிசோதனைக்கு 45 நாட்கள் தாண்ட வேண்டும். உடனே முடிவு சொல்லும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள். முதற் பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்தாலும் அது தீர்ப்பில்லை. உறுதிப்படுத்தும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அது வருமுன் வேலையை விட்டுவிடவும் வேண்டாம், கலியாணத்தை நிறுத்தவும் வேண்டாம்.

கிளினிக்கில் சங்கடமான கேள்விகள் கேட்பார்கள். எத்தனை பேரோடு, ஆணோடா பெண்ணோடா என்றெல்லாம். அது சிகிச்சைக்காகக் கேட்பது. வீட்டுக்குக் கடிதம் போடுவதற்கு அல்ல. மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது: சிகிச்சை, அதோடு ஒரு தாள்

இலங்கையில் எச்.ஐ.வி. மருந்தை அரசு 2004 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே ஒரு குளிசை. ஒழுங்காகப் போட்டால் சில மாதங்களில் வைரஸ் அளவு பரிசோதனையில் பிடிபடாத மட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த மட்டத்தில் தொடர்ந்து இருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் ஊரில் இது இன்னும் பரவவில்லை. வதந்தி மட்டும் அதற்குள் வட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்துவிடும்.

மருந்து தொடங்குவதற்கும் விசாவுக்கும் என்ன தொடர்பு? நிறைய. செலவைக் கணக்குப் பார்க்கும் நாடுகளில் அதிகாரி பார்ப்பது உங்கள் உடல்நிலையும், நீங்கள் போடும் மருந்தின் விலையும். வைரஸ் அளவு பிடிபடாமல், சீடி4 என்ற எதிர்ப்புச் சக்திக் கலங்களின் எண்ணிக்கை நல்ல நிலையில் உள்ள ஒருவரின் கணக்கு வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எழும்பியவரின் கணக்கு வேறு. அதனால் விண்ணப்பிக்க ஆறு மாதம் இருக்கும்போதே சிகிச்சையில் இருங்கள். ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் திகதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: நாட்டைத் தெரிவுசெய்யும் முன் சட்டத்தைப் பாருங்கள்

‘எச்.ஐ.வி. என்றால் எந்த நாடும் எடுக்காது’ என்பது பாதிப் பொய். 2019இல் ஐ.நா.வின் எயிட்ஸ் அமைப்பான யூஎன்எயிட்ஸ் எடுத்த கணக்கில் எச்.ஐ.வி. காரணமாக ஏதோ ஒரு பயணத் தடையோ கட்டாயப் பரிசோதனையோ வைத்திருந்தவை 48 நாடுகளும் ஆட்புலங்களும். மற்றவை வைத்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் போகும் நாடுகளை நான் மூன்று கூடையில் போட்டு வைத்திருக்கிறேன்: நோயைக் கண்டதும் கதவை மூடும் நாடுகள், செலவை எண்ணிப் பார்க்கும் நாடுகள், கேட்காத நாடுகள்.

கதவை மூடும் நாடுகளில் முதலாவது வளைகுடா. சவூதி, குவைத், கட்டார், பஹ்ரேன், ஓமான், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆறுக்கும் புறப்படுமுன் மெடிக்கல் உண்டு. முன்பு ‘காம்கா’ என்றார்கள், இப்போது ‘வாஃபித்’ என்ற இணைய முறை. எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி, சி, சிபிலிஸ், காசநோய், பெண்களுக்குக் கர்ப்பம் எல்லாம் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. என்றால் ‘அன்ஃபிட்’. அதற்கு மேன்முறையீடு, கடிதம், தெரிந்த ஆள் எதுவும் கிடையாது. அங்கே இறங்கிய பிறகு வதிவிட அனுமதிக்காகத் திரும்பவும் பரிசோதிப்பார்கள், பல இடங்களில் புதுப்பிக்கும்போதும் செய்வார்கள். அப்போது தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுவேலைக்குப் போய், மெடிக்கல் செய்து, காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். ‘மேடம் சரியில்லை’ என்று ஊரில் சொல்லிவிட்டு இருப்பார்கள். உண்மையான காரணம் அவர்களுக்கே தெரியாது. உங்களுக்கோ உங்கள் அக்கா தங்கைக்கோ அப்படி நடந்திருந்தால், அந்த நாட்டுக் காகிதத்தை எதிர்பார்க்காமல் இங்கே கிளினிக்கில் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். எச்.ஐ.வி.யாக இல்லாமல் போகலாம். இருந்தாலும் மருந்து இங்கே இருக்கிறது.

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளருக்குச் செய்யும் மெடிக்கலிலும் எச்.ஐ.வி. இருக்கிறது. சிங்கப்பூர் 2015இல் குறுகிய கால வருகைக்கான தடையை எடுத்தது. வேலை அனுமதியில் நீண்டகாலம் இருக்கப் போகிறவருக்கு அது பொருந்தாது. ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளே, மூன்று மாதத்துக்கு மேல் தங்க எச்.ஐ.வி. சான்றிதழ் கேட்பார்கள். ஏஜென்சி விளம்பரத் தாளில் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும், இது இருக்காது.

கனடா: கொஞ்சம் விரிவாக

கனடாவில் எச்.ஐ.வி. தொற்று ஒரு ‘பொதுச் சுகாதார ஆபத்து’ அல்ல. சிகிச்சை எடுக்காத சிபிலிசும், செயலில் உள்ள காசநோயும்தான் அந்தப் பட்டியலில். எச்.ஐ.வி. அங்கே சிக்கலாவது செலவால். 2002 ஜனவரி முதல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் குடிவரவு மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். முடிவு வைத்தியரிடமிருந்து நேரே கனடா அரசுக்குப் போகும். குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், உங்கள் உடல்நிலை அரசின் சுகாதார, சமூக சேவைகளுக்கு ‘மிகையான சுமை’ தரும் என்று எதிர்பார்க்கப்பட்டால் மறுக்கலாம்.

மிகை என்றால் எவ்வளவு? முன்பு ஆண்டுக்கு 6,655 டொலர். பெரும்பாலான எச்.ஐ.வி. மருந்துச் செலவு அதைத் தாண்டிவிடும் என்பதால் அந்தக் காலத்தில் பலர் அடிபட்டார்கள். 2018 ஜூனில் எல்லையை மூன்று மடங்காக்கி ஏறக்குறைய 20,000 ஆக உயர்த்தினார்கள்; 2022இல் அதை நிரந்தரமாக்கினார்கள். பிறகு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டு வருகிறது. 2024இல் 26,220 டொலர். ஐந்து ஆண்டுக் கூட்டுத்தொகையாகவும் பார்ப்பார்கள். பழைய கதையைக் கேட்டு ‘கனடா எடுக்காதாம்’ என்று இருந்துவிடாதீர்கள். 2015இல் மறுக்கப்பட்ட ஒருவர் இன்றைக்கு அதே மருந்தோடு எல்லைக்குள் வரலாம். உங்கள் குளிசையின் பெயர், அளவு, அது ஜெனரிக்காகக் கிடைக்குமா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் நேரடியாக விழும்.

இந்தக் கணக்கே பார்க்கப்படாதவர்களும் இருக்கிறார்கள். கணவன் அல்லது மனைவி ஸ்பொன்சர் செய்தால், சேர்ந்து வாழும் துணை ஸ்பொன்சர் செய்தால், தங்கி வாழும் பிள்ளை என்றால், அகதியாக ஏற்கப்பட்டவர் என்றால் செலவைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. பரிசோதனை மட்டும் நடக்கும். ஆனால் மகன் ஸ்பொன்சர் செய்யும் அப்பா அம்மாவுக்கு இந்த விலக்கு இல்லை. சூப்பர் விசாவில் பேரப்பிள்ளை பார்க்கப் போகும் பெற்றோருக்கும் மெடிக்கல் உண்டு, விலக்கு இல்லை. திறனாளர் வகுப்பில் போகிறவர்களுக்கும் இல்லை. அதிலும் குடும்பத்தில் ஒருவர் சிக்கினால் மொத்த விண்ணப்பமும் சிக்கும். கூட வராத துணைக்கும் பிள்ளைக்கும்கூட மெடிக்கல் கேட்பார்கள். ஆகவே ‘எனக்கு எச்.ஐ.வி., கனடா போகலாமா?’ என்று கேட்டால், ‘யார் கூப்பிடுகிறார்கள்?’ என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

சரி, கலியாண ஸ்பொன்சருக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் இது பெரிய கதை. மாப்பிள்ளை ஸ்காபரோவில், பொம்பிளை கோண்டாவிலில். சாதகம் பார்த்தாயிற்று, நல்லூரில் ஒரு அர்ச்சனை, பதிவு, படங்கள், ஸ்பொன்சர். பிறகு கொழும்பில் மெடிக்கல். பொம்பிளைக்கு எச்.ஐ.வி. என்று வந்தால் செலவைக் காரணம் காட்டி மறுக்க மாட்டார்கள். ஆனால் கனடாவில் ‘துணைக்கு அறிவித்தல்’ என்றொரு கொள்கை இருக்கிறது. விண்ணப்பதாரருக்குக் கடிதம் வரும்: ஸ்பொன்சருக்கு நீங்களே சொல்லுங்கள், அல்லது விண்ணப்பத்தை மீளப் பெறுங்கள். 60 நாட்கள் அவகாசம். இரண்டும் நடக்காவிட்டால் அவர்களே ஸ்பொன்சருக்கு அறிவிப்பார்கள்.

அந்த 60 நாட்களும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை தனியாக, வட்ஸ்அப்பில், பத்தரை மணிநேர வித்தியாசத்தில், ஒருவேளை இரண்டு கிழமை மட்டுமே சேர்ந்திருந்த ஒருவருக்கு அதைச் சொல்ல வேண்டும். பல நேரம் அந்தத் தொற்று அவரிடமிருந்தே வந்திருக்கவும் கூடும். ஏனென்றால் ஸ்பொன்சர் செய்கிறவருக்கு எந்த மெடிக்கலும் கிடையாது. பரிசோதிக்கப்படுவது இங்கே இருக்கும் ஆள் மட்டும். பழியும் இங்கேயே விழுகிறது.

ஆகவே கலியாணம் பேசுகிறவர்களுக்கு என் யோசனை இது: சாதகத்தோடு இரண்டு பேருடைய இரத்தப் பரிசோதனையையும் மாற்றிக்கொள்ளுங்கள். வெட்கமாக இருந்தால் ‘கனடா மெடிக்கலுக்கு எப்படியும் கேட்பார்கள், முன்கூட்டியே செய்வோம்’ என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான். ஏற்கனவே பதிவு முடிந்து கடிதம் வந்துவிட்டதென்றால், கிளினிக்கில் ஆலோசகரிடம் முதலில் பேசுங்கள். அங்கே உட்கார்ந்து, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே துணைக்கு போன் எடுக்கலாம். வைரஸ் அளவு, தொற்றாத நிலை, பிள்ளை பெறலாம் என்பதையெல்லாம் வைத்தியர் சொன்னால் கேட்கிறவருக்கும் அது வேறு மாதிரிப் படும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அதை அந்தப் பேச்சில் தாராளமாகச் சொல்லலாம்.

விலக்கு இல்லாத வகுப்பில் விண்ணப்பித்து, மறுக்கப் போவதாக ‘நியாயமான நடைமுறைக் கடிதம்’ வந்தால் பதறி விட்டுவிடாதீர்கள். பதில் கொடுக்க 90 நாட்கள் தருவார்கள். உங்கள் வைத்தியரின் புதிய அறிக்கை, மருந்தின் சரியான விலை, காப்புறுதி அல்லது செலவைச் சமாளிக்கும் திட்டம் எல்லாவற்றையும் அந்தப் பதிலில் வைக்கலாம். இதை என்னைப் போன்ற படிவக்காரரிடம் கொடுக்க வேண்டாம். கனடாவில் உரிமம் உள்ள சட்டத்தரணியிடம் கொடுங்கள். ஒன்ராறியோவில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்றே ‘ஹால்கோ’ என்ற இலவச சட்ட உதவி நிலையம் இருக்கிறது. அங்கே உள்ள உறவினர் மூலமாகவாவது கேட்டுப் பாருங்கள்.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து

இவர்களும் செலவு எண்ணுபவர்கள்தான். அவுஸ்திரேலியா நிரந்தர விசாவுக்கு 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கும். 2024 ஜூலை 1 முதல் செலவு எல்லை 86,000 அவுஸ்திரேலிய டொலர். அதற்கு முன் 51,000. ஆனால் கனடாவைப் போல ஆண்டுக் கணக்கு இல்லை. நிரந்தர விசாவுக்கு, நிலைத்த நோய் என்றால் பத்து ஆண்டு வரை கூட்டுவார்கள். எல்லை பெரிதாகத் தெரிந்தாலும் மருந்துச் செலவு அதைச் சுகமாகத் தாண்டிவிடும். துணை விசாவில் அந்த எல்லையைத் தாண்டினாலும் விலக்குக் கேட்கலாம். அகதி விசாக்களிலும் கேட்கலாம். விலக்கு தானாக வராது, கேட்டு எழுத வேண்டும். சிட்னியில் உள்ள எச்.ஐ.வி. சட்ட நிலையம் இந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. நர்சிங் படிக்கப் போகும் மாணவர்களுக்கு, தற்காலிக விசா என்றாலும் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பார்கள்.

நியூசிலாந்து 2021 ஒக்டோபரில் எச்.ஐ.வி.யைத் ‘தானாக மறுக்கும்’ நோய்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் ஆட்கள் அங்கே குறைவு, ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

கேட்காத நாடுகள்

லண்டனுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் போகிற இலங்கையருக்குக் காசநோய்ப் பரிசோதனை மட்டும் உண்டு. நெஞ்சுப் படம் எடுப்பார்கள். அதைச் சிலர் எச்.ஐ.வி. பரிசோதனை என்று நினைத்துப் பயந்து, படிப்பு விசாவையே கைவிட்ட கதை எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் எச்.ஐ.வி. சிகிச்சை 2012 ஒக்டோபர் முதல் எல்லோருக்கும் இலவசம். விசா முடிந்தவருக்கும், அகதிக் கேஸ் நிராகரிக்கப்பட்டவருக்கும்கூட. மற்ற ஆஸ்பத்திரிக் கட்டணக் கடன் 500 பவுணுக்கு மேல் போனால் பின்னால் விசாவில் இடிக்கலாம். எச்.ஐ.வி. சிகிச்சைக்குக் கட்டணமே இல்லாததால் அந்தப் பயம் தேவையில்லை.

அமெரிக்கா 1987இல் போட்ட தடையை 2010 ஜனவரி 4இல் எடுத்தது. கிரீன் கார்ட் மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனை இப்போது இல்லை. சுவிசிலும் பிரான்சிலும் எச்.ஐ.வி. இருக்கிறதென்று உள்ளே வர மறுக்கும் சட்டம் இல்லை. சுவிசில் வதிவிடம் எடுத்து மூன்று மாதத்துக்குள் சுகாதாரக் காப்புறுதி எடுக்க வேண்டும்; அதை இழுத்தடிக்க வேண்டாம்.

பிரான்சைப் பற்றி, பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லாச்சப்பலில் ஒரு கதை ஓடும்: ‘வருத்தம் இருந்தா விசா தருவாங்கள்.’ அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1998 முதல் நோயாளிகளுக்கான வதிவிட அனுமதி பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் நாட்டில் அந்தச் சிகிச்சை உங்களுக்கு உண்மையில் கிடைக்குமா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். இலங்கையில் மருந்து இலவசம் என்பது இங்கே எங்களுக்கு நல்லது, அங்கே கேசுக்குப் பலவீனம்.

இதே முடிச்சு லண்டன் கேஸ்களிலும் உண்டு. 2020இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சிம்பாப்வேயைச் சேர்ந்த எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் வழக்கில், சிகிச்சை கிடைக்காததால் உடல்நிலை வேகமாகவும் மீளமுடியாமலும் மோசமாகும் அல்லது ஆயுள் கணிசமாகக் குறையும் என்ற உண்மையான அபாயம் இருந்தால் திருப்பி அனுப்புவது மனித உரிமை மீறலாகலாம் என்று சொன்னது. கேட்க நல்லாக இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, நாட்டில் மருந்தே இல்லை என்று சொன்னால் எதிர்த்தரப்பு எங்கள் கிளினிக்குகளின் பட்டியலை எடுத்து வைக்கும். உங்கள் கேசுக்கு வேறு உண்மையான காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், எச்.ஐ.வி.யை மட்டும் நம்பிக் கேஸ் கட்ட வேண்டாம். அதற்காக அங்குள்ள வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம். சிகிச்சை எடுப்பது கேசைக் கெடுக்காது.

படிவத்தில் என்ன எழுதுவது

உண்மையை. கனடா மெடிக்கலில் முந்திய நோய்களைக் கேட்பார்கள். தெரிந்துகொண்டே ‘இல்லை’ என்று எழுதி, பிறகு இரத்தம் ‘உண்டு’ என்று சொன்னால், எச்.ஐ.வி.யால் வராத மறுப்பு பொய்யால் வரும். தவறான தகவலுக்குக் கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை. கேட்காத நாட்டில் நீங்களாகவே போய் எழுதிக் கொடுக்கவும் தேவையில்லை. கேட்ட இடத்தில் சரியாகச் சொன்னால் போதும்.

வேறொருவரின் இரத்தத்தைக் கொடுக்கலாம், ரிப்போட் மாற்றலாம் என்று சொல்லும் ஏஜென்ட் வந்தால் கதிரையை விட்டு எழும்பி வந்துவிடுங்கள். வளைகுடாவில் இறங்கியதும் திரும்பவும் ஊசி குத்துவார்கள். அன்றைக்கு அந்த ஏஜென்ட் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார். பணம் கட்டுமுன் இரண்டு விஷயம்: அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், மெடிக்கல் சரிவராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போட்டை அவரிடம் ‘வைத்துவிட்டு’ வர வேண்டாம். ரிப்போட்டை என் கையில்தான் தர வேண்டும் என்று பரிசோதனைக்கூடத்தில் ஊசி குத்துமுன் சொல்லுங்கள், பிறகு அல்ல.

பெட்டி கட்டும்போது

கிளினிக் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள்: மருந்தின் பொதுப்பெயர், அளவு, தொடங்கிய திகதி, கடைசி வைரஸ் அளவு. இது இறங்கிய நாட்டு வைத்தியருக்கு. விமான நிலையத்தில் காட்ட ‘தினமும் எடுக்கும் மருந்து’ என்று மட்டும் எழுதிய இன்னொரு சிறு சீட்டு இருந்தால் நல்லது. முதல் கடிதம் எல்லோர் கண்ணிலும் படத் தேவையில்லை. புதிய இடத்தில் வைத்தியரைக் காணும்வரை தாங்கும் அளவுக்கு மருந்து கேளுங்கள். குளிசையைக் கைப்பையில், அதன் சொந்தப் போத்தலில், லேபலோடு வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும். முருக்கங்காய்த் தூள் பைக்குள் கலந்து கட்ட வேண்டாம். சுங்கத்தில் சந்தேகம் வருவது அங்கேதான். டோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறும்போது யாரும் இரத்தம் எடுப்பதில்லை.

கனடாவுக்குப் போகிறவர்கள் இறங்கிய பிறகு தெரிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று. அங்கே உடலுறவுக்கு முன் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லாமல் விடுவது சில சந்தர்ப்பங்களில் குற்றவியல் வழக்காகும். 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வைரஸ் அளவு குறைவாக இருந்து ஆணுறையும் பாவித்திருந்தால் குற்றமில்லை. நிரந்தர வதிவாளர் ஒருவர் இப்படியான வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தும் வரை போகலாம். புதிய உறவு தொடங்குமுன் ஹால்கோவிடமோ, ரொறன்ரோவில் தமிழிலும் பேசும் ‘அசாப்’ என்ற தென்னாசிய எயிட்ஸ் தடுப்பு அமைப்பிடமோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக நேரம். இங்கே இரவு ஒன்பது மணிக்குக் குளிசை போட்டுப் பழகியவருக்கு ரொறன்ரோவில் அது கோடையில் காலை பதினொன்றரை, குளிர்காலத்தில் பத்தரை. முதல் சில நாட்கள் போனில் யாழ்ப்பாண நேரத்தையே அலாரமாக வைத்துப் போடுங்கள். பிறகு எப்படி நகர்த்துவது என்று அங்குள்ள வைத்தியர் சொல்வார். அந்தப் பொடியன் இப்போது வளைகுடாவில் இல்லை, திருநெல்வேலியில் ஒரு கடையில் நிற்கிறான். அவனுடைய அலாரம் ஒன்பதுக்குத்தான் அடிக்கிறது. லண்டன் படிப்பு விசாவுக்கு ஃபைல் சேர்க்கிறான். போன கிழமை வந்து காசநோய்ப் பரிசோதனைக்கு எங்கே பதிவது என்று கேட்டான், சொன்னேன்.